ஹார்டு டிஸ்க் மிகவும் மெதுவாகிவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டுமா? (கடலூர், 2012 டெஸ்க்டாப்)

தேவனாம்பட்டினம் டிடிபி

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன். பத்திர எழுத்தர்கள் கொடுத்தனுப்பும் கிரயப் பத்திரம், பாகப் பிரிவினை, அப்புறம் மனுக்கள், முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை. எல்லாவற்றுக்கும் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து முந்தைய கம்ப்யூட்டர் போய்விட்டது, அதிலிருந்த வேலையும் சேர்ந்து போனது. அதற்குப் பதிலாக 2012இல் வாங்கியதுதான் இது. பென்டியம் டூயல் கோர் இ5700, ஜி41 போர்டு, 2 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7, 32 பிட்.

கொஞ்ச மாதங்களாகவே படுத்துகிறது. ஆன் செய்தால் டெஸ்க்டாப் முழுதாக வந்து நிற்கக் கால் மணி நேரம் ஆகிறது. வேர்டில் சேவ் கொடுத்தால் திரை வெளுத்துப்போய் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்கிறது. பத்திரிகைக்கான போட்டோக்களைப் பென் டிரைவிலிருந்து ஏற்றும்போது மவுஸ் அம்பு இழுத்து இழுத்துத் தாவுகிறது. பின்னால் பாட்டு ஓடினால் அதுவும் விக்குகிறது. கேபினெட்டில் இருக்கும் சிவப்பு விளக்கு அணைவதே இல்லை. டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் எதுவும் வரவில்லை.

டெம்ப் ஃபைல்களை அழித்தேன், டிஸ்க் கிளீனப், டிஃப்ராக் எல்லாம் போட்டாயிற்று. வைரஸ் ஸ்கேனிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடையில் கேட்டால், "ஹார்டு டிஸ்க் முடிஞ்சுது, விண்டோஸ் 11 போட்டுப் புதுசாவே வாங்கிடுங்க" என்கிறார்கள். அது எனக்கு ஒத்துவராது. நான் அடிப்பது பழைய டைப்ரைட்டர் முறையில், வானவில் அவ்வையார் எழுத்துருவில். இத்தனை வருடத்துப் பத்திர மாதிரிகளும் அதில்தான் கிடக்கின்றன. பிரிண்டர் எப்சன் எல்எக்ஸ்-300 பிளஸ், பேரலல் போர்ட்டில் மாட்டியிருக்கிறேன். புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் போர்ட்டே கிடையாதாம்.

டிஸ்க் உண்மையிலேயே போய்விட்டதா? எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்) போட்டால் சரியாகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வேகம் முக்கியம்

அக்கா, யோசிக்கவே வேண்டாம். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மாட்டுங்கள். என் வீட்டிலும் இதே காலத்துக் கம்ப்யூட்டர்தான், எஸ்எஸ்டி போட்டதும் புதுசு மாதிரி ஆகிவிட்டது. 2012 டிஸ்க்கை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது நேர விரயம்.

---

வில்லியனூர் வாசி

முதலில் கமாண்ட் பிராம்ப்டில் செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் போட்டுப் பாருங்கள். பேட் செக்டார் (டிஸ்க்கில் கெட்டுப்போன துண்டு) இருந்தால் அதுவே ஒதுக்கிவிடும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும்.

---

லாஸ்பேட்டை பழைய கை

செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் இப்போது வேண்டவே வேண்டாம். டிஸ்க் நிஜமாகவே சாகும் நிலையில் இருந்தால், முழு டிஸ்க்கையும் வரி வரியாகப் படிக்கச் சொல்லும் அந்த வேலையே அதை முடித்துவிடும். அது ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்தும் கருவி. ஃபைல்களைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. பாதி படிக்க முடிந்த ஃபைலை வெட்டிப்போடவும் அது தயங்காது. முதலில் நகல் எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பத்திர மாதிரிகள், எழுத்துரு ஃபோல்டர், கணக்கு டேட்டா என்று இருப்பதை முதலில் பென் டிரைவுக்கு மாற்றுங்கள். மெதுவாகத்தான் போகும், போகட்டும்.

எஸ்எஸ்டி தம்பி சொல்வதில் பாதி நியாயம். மீதிப் பாதிக்கு, அம்மா எழுதியதை இன்னொரு தடவை படிக்க வேண்டும். மவுஸ் அம்பு தாவுகிறது, பாட்டு விக்குகிறது என்கிறார். வெறுமனே டிஸ்க் மட்டும் மெதுவானால் மவுஸ் அம்பு ஜாலியாக ஓடும், நிரல்தான் உறைந்து நிற்கும். அம்புவே தடுமாறுகிறது என்றால் பிராசஸர் ஏதோ ஒன்றில் முழுகிக் கிடக்கிறது. ஃபைல் காப்பி ஆகும்போதுதான் இது நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வருகிறது. டிஸ்க் பிஐஓ மோடுக்கு இறங்கியிருக்கிறது.

இதைப் பார்த்தவர்கள் குறைந்துவிட்டார்கள், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். சாதாரணமாக டிஸ்க் டிஎம்ஏ முறையில் வேலை செய்யும். கண்ட்ரோலரே டேட்டாவை நேராக மெமரியில் இறக்கிவிடும், பிராசஸர் தன் வேலையைப் பார்க்கும். பிஐஓ முறையில் ஒவ்வொரு துண்டையும் பிராசஸரே வாங்கி மெமரியில் வைக்க வேண்டும். பிஐஓ மோடு 4இன் உச்ச வேகம் ஏட்டில் நொடிக்கு 16.7 எம்பி. நடைமுறையில் அதிலும் பாதி வந்தால் பெரிது. ஒரு நல்ல 7200 ஆர்பிஎம் டிஸ்க் 100 எம்பியைச் சுலபமாகத் தரும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏன் இறங்குகிறது? டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே போகும் டேட்டா சிதைந்தால் சிஆர்சி பிழை என்று விண்டோஸ் எண்ணி வைக்கும். விண்டோஸ் எக்ஸ்பியில் இதற்கு ஒரு கணக்கே உண்டு. மொத்தம் ஆறு பிழை சேர்ந்தால் ஒரு படி வேகம் குறையும், மறுபடி சேர்ந்தால் இன்னொரு படி, கடைசியில் பிஐஓ. விண்டோஸ் 7லும் ஐடிஇ மோடில் (பழைய இணைப்பு முறை) ஓடும் டிஸ்க்குக்கு இதே பழக்கம்தான். கீழே இறக்கியதை அது தானாக மேலே ஏற்றுவதும் இல்லை. ஜி41 போர்டுகளில் பெரும்பாலும் இருப்பது ஐசிஹெச்7 சில்லு, அதில் ஏஹெச்சிஐ என்ற புது இணைப்பு முறை கிடையாது, ஆகவே உங்கள் சாட்டா டிஸ்க்கும் ஐடிஇ வேஷத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது தம்பிக்குப் பதில். பிழை கேபிளில் இருந்து, அதே கேபிளில் எஸ்எஸ்டியை மாட்டினால், அதையும் விண்டோஸ் பிஐஓவுக்கு இறக்கிவிடும். காசும் போய், கால் மணி நேரமும் அப்படியே இருக்கும்.

அம்மா, இதைச் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'ஐடிஇ ஏடிஏ/ஏடிஏபிஐ கண்ட்ரோலர்ஸ்' என்பதை விரியுங்கள். உள்ளே 'ஏடிஏ சேனல் 0', 'ஏடிஏ சேனல் 1' என்று இருக்கும். ஒவ்வொன்றிலும் ப்ராப்பர்ட்டீஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய், 'கரண்ட் மோடு' எதிரே என்ன போட்டிருக்கிறது என்று எழுதுங்கள். அப்புறம் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளை இறக்கி ஓடவிட்டு, 05, 09, சி5, சி6, சி7 இந்த வரிகளின் கடைசிக் கட்டத்தில் இருப்பதை அப்படியே தட்டச்சு செய்து போடுங்கள். மேலே 'குட்' என்றோ 'காஷன்' என்றோ எழுதியிருப்பதை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

---

தேவனாம்பட்டினம் டிடிபி

சார், மிக்க நன்றி. பத்திர மாதிரிகளையும் எழுத்துருக்களையும் பென் டிரைவில் எடுத்துவிட்டேன். ராத்திரி முழுக்க ஓடியது, ஆனால் எல்லாம் வந்துவிட்டது.

ஏடிஏ சேனல் 0இல் 'பிஐஓ மோடு' என்றுதான் போட்டிருக்கிறது! டிவிடி டிரைவ் இருக்கும் சேனலில் அல்ட்ரா டிஎம்ஏ என்று இருக்கிறது.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மஞ்சள் நிறத்தில் காஷன். 05: 0. 09: 7பி0சி. சி5: 8. சி6: 0. சி7: 3ஏ7. முன்னால் நிறைய பூஜ்யங்கள் இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டேன். எழுத்தும் எண்ணும் கலந்து வருவது எனக்குப் புரியவில்லை.

---

லாஸ்பேட்டை பழைய கை

அது பதினாறடிமான எண். அந்த மென்பொருளின் மெனுவில் ரா வேல்யூஸ் என்ற இடத்தில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நானே மாற்றித் தருகிறேன்.

09 என்பது டிஸ்க் ஓடிய மணி நேரம். 7பி0சி என்றால் 31,500. 2012இலிருந்து நீங்கள் வேலை பார்க்கும் அளவுக்கு இது பொருத்தமான கணக்குத்தான். 05 பூஜ்யம், அதாவது கெட்டுப்போன இடத்தை மாற்றி எழுத வேண்டிய நிலை ஒன்றுகூட இதுவரை வரவில்லை. இந்த வயதுக்கு அது ஆச்சரியம்தான்.

சி5இல் 8 என்பதைப் பார்த்துத்தான் மஞ்சள் விளக்கு எரிகிறது. படிக்கச் சிரமப்பட்டு, 'அப்புறம் பார்ப்போம்' என்று டிஸ்க் நிறுத்தி வைத்திருக்கும் செக்டார்கள் அவை. ஆனால் 8 என்ற எண்ணைக் கவனியுங்கள். 2011இலிருந்து வரும் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை உள்ளுக்குள் 4096 பைட்டாகத்தான் எழுதுகின்றன. வெளியே மட்டும் 512 பைட் செக்டார் என்று காட்டும். அப்படியானால் உள்ளே ஒரே ஒரு இடம் பழுதானாலும் வெளியே எட்டாகத்தான் தெரியும். உங்களுடையது அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்கூட இப்படி ஒரு செக்டார் அரைகுறையாக எழுதப்பட்டு நின்றுவிடும். அந்த இடத்தில் மறுபடி எழுதும்போது ஒன்று சரியாகிவிடும், இல்லையென்றால் 05இல் கணக்கு ஏறும். 8 அப்படியே நின்றால் கவலை வேண்டாம். 16, 24, 80 என்று ஏறினால் டிஸ்க் போகிறது என்று அர்த்தம்.

சி7தான் ஆள். 3ஏ7 என்றால் 935. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே 935 தடவை டேட்டா சிதைந்து போயிருக்கிறது. டிஸ்க்கின் தட்டு கெட்டால் இந்த எண் ஏறாது. கேபிள், அதன் இரண்டு முனை, போர்டில் உள்ள போர்ட், இவற்றில் ஒன்றுதான் காரணம். தேவனாம்பட்டினம் என்றதுமே எனக்குக் கேபிள் மேல்தான் கண் போனது. நம் ஊர்ப்பக்கம் சில்வர் பீச்சிலிருந்து வீராம்பட்டினம் வரைக்கும் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று எந்த முனையையும் விட்டுவைக்காது. ராமை ரப்பரால் தேய்த்து மாட்டினால் கம்ப்யூட்டர் உயிர் பெறுவதை இங்கே எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதே உப்புத்தான் இங்கேயும்.

கம்ப்யூட்டரை அணைத்து, சுவரில் இருக்கும் ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளை இரண்டு பக்கமும் கழற்றுங்கள். புதிதாக ஒன்று வாங்குங்கள். சின்ன விலைதான். முனையில் உலோகக் கிளிப் உள்ளதாகக் கேளுங்கள், அது அசையாமல் பிடித்துக்கொள்ளும். மாட்டும்போது போர்டில் வேறு ஒரு சாட்டா போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். டிஸ்க்குக்குப் போகும் பவர் முனையையும் ஒரு தடவை கழற்றி மாட்டுங்கள்.

கேபிள் மாற்றியதால் மட்டும் வேகம் வந்துவிடாது, இதை மறக்கக் கூடாது. டிவைஸ் மேனேஜரில் பிஐஓ என்று காட்டும் அந்தச் சேனலை ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயப்பட ஒன்றுமில்லை. விண்டோஸ் தானே மறுபடி கண்டுபிடித்து, பழைய பிழைக் கணக்கை மறந்து, டிஎம்ஏவில் தொடங்கும்.

சி7 எண் குறையவே குறையாது. அது வாழ்நாள் கணக்கு. 935இலேயே நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

---

அரியாங்குப்பம் எலெக்ட்ரானிக்ஸ்

பழைய கை சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கேபினெட்டைத் திறந்ததும் போர்டில் பிராசஸர் பக்கத்தில் நிற்கும் உருளை கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, பழுப்பாக ஏதாவது கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) உள்ளேயும் அதே கதை நடக்கும். 12 வோல்ட் சரியாக வராவிட்டால் டிஸ்க் மோட்டார் திணறும், அப்போதும் இப்படித்தான் மெதுவாகும். அந்தக் கோளாறில் டிஸ்க் நின்று நின்று மறுபடி சுற்றும் சத்தம் கேட்கும். அம்மா சத்தம் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார்.

---

தேவனாம்பட்டினம் டிடிபி

சரியாகிவிட்டது சார்!

அக்கா பையன் வந்து கழற்றினான். போர்டு பக்கம் இருந்த முனையைப் பிடுங்கியபோது, உள்ளே ஏழு மஞ்சள் பட்டைகளில் ஓரத்தில் இருந்த இரண்டு பச்சை பூத்திருந்தன. கோயில் பித்தளை விளக்கில் பூக்குமே, அந்தப் பச்சை. டிஸ்க் பக்கத்து முனை சுத்தமாக இருந்தது. கேபினெட்டின் அடித்தகடு முழுக்கத் துரு. கெப்பாசிட்டர் எதுவும் உப்பவில்லை.

திருப்பாப்புலியூரில் கிளிப் வைத்த கேபிள் கிடைத்தது. வேறு போர்ட்டில் மாட்டி, சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தோம். இப்போது 'அல்ட்ரா டிஎம்ஏ மோடு 5' என்று வருகிறது. முன்பு காப்பி ஆகும்போது வேகம் 4 எம்பியைத் தாண்டாது. இப்போது டிஸ்க்குக்குள்ளேயே ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போட்டால் 40 காட்டுகிறது. மவுஸ் தாவுவது நின்றுவிட்டது. சி7 இன்றைக்கும் 3ஏ7தான்.

ஆனால் கல்யாணப் பத்திரிகை டிசைனும், இணையமும், வேர்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் மறுபடி சிவப்பு விளக்கு நிற்காமல் எரிகிறது. மவுஸ் நன்றாக ஓடுகிறது, ஜன்னல் மாற்றினால் மட்டும் நேரம் எடுக்கிறது. இது வேறு கோளாறா?

---

லாஸ்பேட்டை பழைய கை

வேறுதான். கோளாறு என்றும் சொல்ல முடியாது. 2 ஜிபி ராமில் இந்த மூன்றையும் திறந்தால் இடம் போதாமல் விண்டோஸ் மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்து, கேட்கும்போது திருப்பி எடுக்கும். ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி பக்கம் போய் 'ஹார்டு ஃபால்ட்ஸ்' கோட்டைப் பாருங்கள், ஜன்னல் மாற்றும்போதெல்லாம் எகிறும்.

டிஸ்க்குக்கு இது மிகவும் சிரமமான வேலை. தொடர்ச்சியாக ஒரு பெரிய ஃபைலைப் படிப்பது, பதிவு அலுவலக ஆவண அறையில் ஒரே கட்டை அலமாரியிலிருந்து எடுத்துவருவது போல. மெமரியை இப்படி டிஸ்க்கில் எழுதி எடுக்கும் பேஜ் ஃபைல் வேலையோ, ஐம்பது கட்டுகளில் கட்டுக்கு ஒரு தாள் எடுத்துவரச் சொல்வது. 7200 ஆர்பிஎம் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. தேடிய இடம் படிக்கும் முள்ளுக்குக் கீழே வரச் சராசரியாகப் பாதிச் சுற்று, முள் நகரும் நேரம் தனி. அப்படிச் சின்னச் சின்னதாகப் படிக்கும்போது நொடிக்கு 1 எம்பிகூடத் தேறாது. எஸ்எஸ்டியில் சுற்றுவதும் நகர்வதும் இல்லை, தம்பி சொன்ன 'புதுசு மாதிரி' வருவது இதனால்தான்.

உங்களுக்கு என் யோசனை, முதலில் இன்னொரு 2 ஜிபி ராம். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் எடுக்காது, அதிலும் மூன்றேகால் வரைதான் பயன்படும், ஆகவே அதற்குமேல் செலவு வேண்டாம். கடையில் 4 ஜிபி ஒற்றை ஸ்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஜி41 போர்டு புதுவகை அடர்த்தியான சில்லுகளை ஏற்காது. இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சில்லு உள்ளதாகப் பார்த்து வாங்கினால் நம்பி மாட்டலாம். உங்கள் போர்டு டிடிஆர்3 ராம் வகை என்றால் 1.5 வோல்ட், 2 ஜிபி. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழையது சில சமயம் கண்ணில் படும், ஆனால் போட்டுக்காட்டாமல் விற்பவரிடம் எடுக்க வேண்டாம். சென்னை ரிட்சி தெருவில் நிச்சயம் கிடைக்கும்.

எஸ்எஸ்டி அடுத்து. இப்போது கேபிள் சரியானதால் தாராளமாகப் போடலாம். உங்கள் போர்டு சாட்டா 2, 300 எம்பிக்கு மேல் போகாது, அது குறையே இல்லை. இருப்பதை அப்படியே குளோன் செய்தால் வானவில்லும் பிரிண்டர் செட்டிங்கும் கலையாது. சி5இல் இருக்கும் அந்த ஒரு இடத்தில் குளோன் மென்பொருள் முட்டி நிற்கலாம். நகல் கையில் இருப்பதால் இப்போது செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் போட்டுக்கொள்ளுங்கள், வில்லியனூர்க்காரரும் சந்தோஷப்படுவார்.

இன்னொன்று, விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்தது. தட்டச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் வேலையை அதில் செய்யாதீர்கள்.

---

வில்லியனூர் வாசி

சந்தோஷம் 🙂

---

நெல்லிக்குப்பம் மாணவன்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் அரசு கொடுத்த பழைய லேப்டாப், விண்டோஸ் 10 போட்டிருக்கிறேன். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எப்போதும் 100 சதவீதம். எனக்கும் கேபிளா?

---

லாஸ்பேட்டை பழைய கை

உனக்கு வேறு, தம்பி. லேப்டாப்பில் பெரும்பாலும் டிஸ்க் நேராகப் போர்டிலேயே செருகியிருக்கும், கேபிள் சந்தேகம் கடைசி. 5400 ஆர்பிஎம் டிஸ்க்கில் விண்டோஸ் 10 போட்டால் அப்டேட், சர்ச் இண்டெக்ஸ், சிஸ்மெயின், டிஃபெண்டர் ஸ்கேன் எல்லாம் ஆன் செய்ததும் ஒரே நேரத்தில் கிளம்பும், 100 காட்டத்தான் செய்யும். ஆன் செய்து அரை மணி நேரம் தொடாமல் வைத்திருந்து பார். இறங்கினால் டிஸ்க் பிழைத்தது, உனக்குத்தான் நேராக எஸ்எஸ்டி. இறங்காவிட்டால் டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க்' தலைப்பைக் கிளிக் செய்து மேலே எது நிற்கிறது என்று பார், கூடவே சி5, 05 எண்களை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு கேள்வி போடு. இங்கே கலந்தால் அம்மாவுக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம்.